வால்வுக்கு முன்பே கெடும் படலம்
(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம்)

நாற்காலி கிடைக்காமல் பின்னால் நின்றுகொண்டிருக்கும் நண்பர்களே,

நிற்பவர்களிடம் முதலில் ஒரு வேண்டுகோள். சிலைபோல நிற்காதீர்கள். அவ்வப்போது குதிகாலை உயர்த்தி இறக்குங்கள், இரண்டடி நடங்கள். எனக்கு அது மரியாதைக் குறைவாகப் படாது. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைத்தான் அடுத்த ஒரு மணி நேரமும் பேசப்போகிறேன்.

காலில் புடைத்து, நெளிந்து, முடிச்சு முடிச்சாகத் தெரியும் சிரைகளை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நம் ஊரில் ‘நரம்பு சுருட்டிக்கொண்டது’ என்பார்கள். நான் படித்த காலத்தில் பாடநூல் இதற்கு ஒரே ஒரு காரணம்தான் சொன்னது: சிரையின் வால்வு பழுதாகிறது, ரத்தம் கீழே வழிகிறது, அழுத்தம் கூடுகிறது, குழாய் வீங்குகிறது. தேர்வில் அதை எழுதினால் முழு மதிப்பெண்.

அந்த விடை பொய்யில்லை, ஆனால் அது பாதியிலிருந்து தொடங்குகிறது. நாட்பட்ட கால் சிரை நோய் முதலில் சிரையின் உள்சுவரைப் போர்த்தியிருக்கும் மெல்லிய செல் படலத்தின் அழற்சி நோய் என்பதே இன்று நான் முன்வைக்கும் கருத்து. வால்வின் பழுது அந்த அழற்சியின் விளைவுகளில் ஒன்று. கெட்டபின் அதுவே அழற்சிக்குத் தீனியும் போடுகிறது. எண்டோதீலியம் என்று மருத்துவ மாணவர்கள் அறிந்த அந்தப் படலத்தை இந்த உரை முழுவதும் ‘உள்படலம்’ என்றே குறிப்பிடுகிறேன்.

மேடையில் படங்களாகக் காட்டியவற்றை இங்கே சொற்களாக மாற்றியிருக்கிறேன். இடையில் வந்த கேள்விகளுக்குச் சொன்ன பதில்களை உரிய இடங்களில் சேர்த்துவிட்டேன்.

1. வால்வு பெற்ற புகழ்

1603இல் இத்தாலியின் பதுவா நகரப் பேராசிரியர் ஃபேப்ரிசியஸ், சிரை வால்வுகளுக்கென்றே ஒரு நூல் வெளியிட்டார். படங்கள் இன்று பார்த்தாலும் வியக்கவைப்பவை. விளக்கம்தான் தவறு. கல்லீரலிலிருந்து ரத்தம் சிரைகள் வழியே கைகால்களுக்குப் போகிறது என்ற பழைய நம்பிக்கையிலேயே அவர் நின்றார். அந்த ரத்தம் மொத்தமாகப் பாதத்தில் இறங்கித் தேங்காமல் வால்வுகள் மட்டுப்படுத்துகின்றன என்றார். அவரிடம் படித்த வில்லியம் ஹார்வி அதே வால்வுகளைப் பார்த்து நேர் எதிரான முடிவுக்கு வந்தார். ரத்தம் இதயத்தை நோக்கித்தான் போகிறது, வால்வு அதற்கு மட்டுமே வழிவிடுகிறது என்றார். 1628இல் அச்சான அவருடைய நூலில் ஒரு சோதனை இருக்கிறது. அதை இன்றிரவு வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

முழங்கைக்கு மேலே ஒரு துணியை மிதமாக இறுக்கிக் கட்டுங்கள். முன்கையில் சிரைகள் எழும்பும், ஆங்காங்கே சிறு முடிச்சுகள் தெரியும். அவைதான் வால்வுகள் இருக்கும் இடம். ஒரு முடிச்சுக்குச் சற்றுக் கீழே சிரையை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மற்றொரு விரலால் ரத்தத்தை மேல்நோக்கி, அந்த முடிச்சைத் தாண்டி வழித்துவிடுங்கள். பிறகு மேல் விரலை எடுங்கள். முடிச்சுக்கும் கீழ் விரலுக்கும் இடையிலுள்ள சிரை காலியாகவே கிடக்கும். மேலே நிற்கும் ரத்தம் கீழே இறங்காது. கீழ் விரலையும் எடுத்துப் பாருங்கள், கண்ணெதிரே சிரை கீழிருந்து நிரம்பும்.

இவ்வளவு எளிய, இவ்வளவு அழகான சான்று கிடைத்தபின் யாருக்குத்தான் வால்வைத் தாண்டிப் பார்க்கத் தோன்றும்? 1891இல் ஜெர்மன் அறுவை மருத்துவர் டிரெண்டலென்பர்க், தொடையின் பெரிய மேற்சிரையைக் கட்டிவிடும் அறுவையை விவரித்தார். மேலிருந்து வழிவதைத் தடுத்தால் போதும் என்பதே அதன் தர்க்கம். பலருக்குப் பலனும் கிடைத்தது. 1968இல் ஹவாயில் ராபர்ட் கிஸ்ட்னர் ஒரு படி மேலே போய், சிரையைத் திறந்து வால்வையே தைத்துச் சீராக்கினார்.

ஆனால் அறுவை அரங்கில் நெடுநாள் நிற்பவர்களுக்குச் சில நெருடல்கள் வரும். வால்வு நன்றாக வேலை செய்யும் இடத்துக்குக் கீழேயே சிரை புடைத்திருக்கும். டாப்ளர் ஸ்கேன் பரவலான பிறகு இன்னொன்றும் தெரியவந்தது. பின்னோட்டம் எப்போதும் இடுப்பு மடிப்பிலிருந்து வரிசையாகக் கீழிறங்குவதில்லை. தொடை வால்வு சரியாக இருக்கும்போதே முழங்காலுக்குக் கீழே ஒரு கிளைச் சிரையில் தொடங்கியிருக்கும். எடுத்த சிரையை நீளவாக்கில் கத்தரித்து விரித்தால் நெருடல் இன்னும் கூடும். ஒரு அங்குலத்தில் சுவர் தடித்து, தசையேறி, வெண்மையாக இருக்கும். அடுத்த அங்குலத்தில் காகிதமாக மெலிந்து, அடியில் வைத்த விரல் தெரியும். அழுத்தம் மட்டுமே காரணமென்றால் ஒரே அழுத்தத்துக்கு ஆளான குழாய் இப்படிப் பாதி தடித்தும் பாதி மெலிந்தும் போவானேன்?

2. படலம் சும்மா இருப்பதில்லை

நெடுங்காலம் உள்படலத்தை வெறும் உறையாகத்தான் கருதினார்கள். ஒரே ஒரு செல் தடிப்பு, அதற்கு என்ன வேலை இருந்துவிடப்போகிறது என்ற அலட்சியம்.

அந்த அலட்சியத்தைக் கலைத்தவர் அமெரிக்க மருந்தியலாளர் ராபர்ட் ஃபர்ச்காட். முயலின் பெருந்தமனியிலிருந்து எடுத்த துண்டுகளில் அவர் சோதனை செய்துவந்தார். அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் விட்டால் சில துண்டுகள் சுருங்கின, சில தளர்ந்தன. ஒரே பொருள், ஒரே விலங்கு, எதிரெதிர் விளைவு. துருவித் துருவிப் பார்த்ததில், சுருங்கிய துண்டுகளில் தயாரிப்பின்போது உட்புறம் உரசப்பட்டு உள்படலம் போயிருந்தது. படலம் இருந்தவை தளர்ந்தன. குழாய் தளர வேண்டும் என்ற சேதியைத் தசைக்கு அனுப்புவது படலம்தான் என்று 1980இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். அந்தச் சேதியைச் சுமப்பது நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு. 1998இல் இக்னாரோ, முராத் ஆகியோருடன் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அது தமனியில் நடந்த கதை. சிரையிலும் படலம் ஓயாமல் வேலை செய்கிறது. ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்கிறது, வெள்ளணுக்கள் ஒட்டாமல் விலக்கி வைக்கிறது, எது வெளியே கசியலாம் என்று தீர்மானிக்கிறது. அதன் மேல் சர்க்கரையும் புரதமும் கலந்த வழுவழுப்பான ஓர் உறை இருக்கிறது. கிளைக்கோகாலிக்ஸ் என்பது அதன் பெயர். ரத்தம் எவ்வளவு வேகமாக, எந்தத் திசையில் உரசிப்போகிறது என்பதைப் படலம் உணர்வதில் இந்த உறைக்குப் பெரும் பங்குண்டு. ஓட்டம் ஒரே சீராக இருந்தால், காற்றில் ஒருபக்கம் சாயும் நெற்கதிர்களைப் போலப் படலச் செல்கள் ஓட்டத்தின் திசையில் நீண்டு படுக்கின்றன. நைட்ரிக் ஆக்சைடு சுரக்கிறது, படலம் அமைதியாக இருக்கிறது.

தமனியில் இந்த உராய்வு விசை சதுர செண்டிமீட்டருக்குச் சுமார் 10 முதல் 70 டைன். சிரையில் 1 முதல் 6 வரைதான். அதாவது சிரைப் படலம் இயல்பிலேயே குறைந்த உராய்வில் வாழ்கிறது. மேலும் குறைந்தால் தாங்கிக்கொள்ள அதனிடம் கையிருப்பு அதிகமில்லை. சிரை நோயைப் பற்றிப் பேசுபவர்கள் அழுத்தத்தைப் பற்றியே பேசுகிறோம். உராய்வு குறைவதும் அதே அளவு கேடு என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

3. ஓட்டம் தேங்கும்போது

அசையாமல் நிற்கும் ஒருவரின் கணுக்காலில் சிரை அழுத்தம் 80 முதல் 90 மில்லிமீட்டர் பாதரசம் வரை இருக்கும். இதயம் வரை நிற்கும் ரத்தத்தின் எடைதான் அது. நோயாளி, நோயற்றவர் என்ற வேறுபாடு இல்லை. நடக்கத் தொடங்கியதும் கெண்டைக்கால் சதை சிரையைப் பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளுகிறது. சில எட்டுகளிலேயே அழுத்தம் 30க்கும் கீழே வந்துவிடும். நோயாளிக்கு இந்த இறக்கம் நிகழ்வதில்லை, அல்லது நின்ற சில நொடிகளில் மீண்டும் ஏறிவிடுகிறது.

இந்த நிலையில் படலத்துக்கு என்ன ஆகிறது? சிரைப் படலச் செல்களை ஆய்வுக்கூடத்தில் வளர்க்க 1973இல் வழி பிறந்தது. எரிக் ஜாஃபியும் உடனிருந்தோரும் பிரசவத்தில் தூக்கியெறியப்படும் தொப்புள்கொடியின் சிரையிலிருந்து செல்களை எடுத்து வளர்த்துக் காட்டினார்கள். பெல்ஜியத்தின் நாமூர் நகரில் கரீன் மிஷியேல் குழுவினர் அதே தொப்புள்கொடிச் சிரையைப் பயன்படுத்தி, தேக்கத்தில் நேரும் ஆக்சிஜன் குறைவைப் போலச் செய்து பார்த்தார்கள். ஓரிரு மணி நேரத்திலேயே செல்லுக்குள் கால்சியம் ஏறியது, வெள்ளணுக்கள் வந்து ஒட்டின, தசைச் செல்களைப் பெருகச் செய்யும் ஊக்கிகள் வெளிப்பட்டன. சுவர் ஏன் சில இடங்களில் தடிக்கிறது என்பதற்கு இங்கே ஒரு துப்பு கிடைக்கிறது.

படலச் செல்லுக்குள் குச்சி வடிவில் சிறு பொதிகள் உண்டு. 1964இல் வைபெலும் பலாடேயும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டவை. அவர்கள் பெயராலேயே வழங்குகின்றன. செல் சீண்டப்பட்டால் இந்தப் பொதிகள் சில நிமிடங்களில் பரப்புக்கு வந்து திறக்கின்றன. பி-செலக்டின் என்ற ஒட்டும் புரதம் வெளியே நீள்கிறது. உருண்டோடும் வெள்ளணு அதில் இடறி வேகம் குறைகிறது. பிறகு ஐகாம்-1, விகாம்-1 என்ற வலுவான பிடிப்புகள் அதை நிறுத்துகின்றன. நின்ற வெள்ளணு படலத்தைத் துளைத்துச் சுவருக்குள் நுழைகிறது.

இதைக் காலிலேயே அளந்தும் பார்த்தார்கள். 1980களில் லண்டன் ஆய்வாளர்கள் காலைத் தொங்கவிட்டு உட்காரவைத்து, பாதத்திலிருந்து திரும்பும் ரத்தத்தைச் சோதித்தார்கள். உள்ளே போனதைவிட வெளியே வந்ததில் வெள்ளணுக்கள் குறைவு. ஒரு மணி நேரத்துக்குள் நடந்த கதை இது. நோயற்றவர்களிடமும் ஓரளவு குறைந்தது, நோயாளிகளிடம் கூடுதலாகக் குறைந்தது. காணாமற்போன வெள்ளணுக்கள் காலின் நுண்குழாய்களில் ஒட்டிக்கொண்டுவிட்டன. ஒருநாள் அப்படி ஒட்டினால் காலை உயர்த்திப் படுத்ததும் சரியாகிவிடும். நாள் தவறாமல் பத்து மணி நேரம், பல ஆண்டுகள் ஒட்டினால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி.

4. வால்வு அரிக்கப்படும் விதம்

சிரை வால்வு தனிப் பொருளன்று. இரண்டு பக்கமும் உள்படலம் போர்த்திய, நடுவில் மெல்லிய கொலாஜன் இழையோடும் மடிப்பு, அவ்வளவுதான். அதன் உள்முகத்தில் ரத்தம் விரைந்து உரசுகிறது. பின்புறக் குழிவில் சுழன்று மெதுவாகிறது. வால்வு திறந்திருக்கும்போதும் அதன் இதழ்கள் சுவரில் போய் ஒட்டுவதில்லை; இடையில் ஓடும் இந்தச் சுழல்தான் அந்தக் குழிவைக் கழுவிக்கொண்டே இருக்கிறது. ஓட்டம் தேங்கினால் சுழல் நிற்கும். முதலில் பாதிக்கப்படும் மூலை அதுதான்.

சான் டியேகோவில் அறுவை மருத்துவர் ஜான் பெர்கனும் உயிர்ப்பொறியியலாளர் கேர்ட் ஷ்மிட்-ஷேன்பைனும் சேர்ந்து செய்த ஆய்வுகள் இந்தக் கதையில் முக்கியமானவை. நோயுற்ற சிரைகளின் வால்வு இதழ்களிலும் அவற்றின் அடிச்சுவரிலும் மோனோசைட் வகை வெள்ளணுக்கள் ஊடுருவியிருப்பதை 1998இல் காட்டினார்கள். அழுத்தம் உயர்த்தப்பட்ட எலிகளின் கால் சிரைகளில் சில வாரங்களில் இதழ்கள் குறுகிப் பின்னோட்டம் தொடங்கியது. பின்னோட்டம் வருமுன்னரே அங்கே அழற்சி வந்திருந்தது என்பதுதான் என் வாதத்துக்கு அடிப்படை.

ஊடுருவிய செல்களும் சீண்டப்பட்ட படலமும் எம்.எம்.பி. எனப்படும் நொதிகளைச் சுரக்கின்றன. கொலாஜனையும் எலாஸ்டினையும் அறுப்பது இவற்றின் வேலை. அறுப்பவற்றுக்கும் அவற்றை அடக்கும் டிம்ப் புரதங்களுக்கும் உள்ள சமநிலை இடத்துக்கு இடம் மாறுகிறது. எனவேதான் ஒரு அங்குலம் தடிப்பு, அடுத்த அங்குலம் மெலிவு. அந்த விரித்த சிரைக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குத் தெரியாது.

பரம்பரையும் இங்கேதான் வந்து சேர்கிறது. ஃபாக்ஸ்-சி2 என்ற மரபணுவில் பிறழ்வு உள்ளவர்களிடம் கால் சிரை வால்வுகள் தவறுவது 2007இல் வெளியான ஆய்வில் உறுதியாயிற்று. இந்த மரபணு செயல்படுவது படலச் செல்களில். ‘அம்மாவுக்கும் இருந்தது, எனக்கும் வந்துவிட்டது’ என்று புறநோயாளிப் பிரிவில் கேட்கும் பேச்சுக்குப் பின்னால் இப்படிச் சில மரபணுக்கள் இருக்கக்கூடும். கர்ப்பம், உடற்பருமன், வயது எல்லாம் நீங்கள் அறிந்தவையே. பெண்களின் நோய் என்ற எண்ணத்தை மட்டும் விட்டுவிடுங்கள். எடின்பரோவில் பொதுமக்களிடையே நடத்திய ஆய்வில் பெருஞ்சிரைப் புடைப்பு ஆண்களில் 40 சதவீதம், பெண்களில் 32 சதவீதம். மருத்துவரிடம் வருவதில்தான் ஆண்கள் பின்தங்குகிறார்கள்.

5. தோலில் எழுதப்படுவது

மருத்துவர்கள் இந்நோயைச் சி0 முதல் சி6 வரை வகுக்கிறார்கள். 1994இல் ஹவாயில் கூடிய வல்லுநர்கள் தந்த முறை அது. புடைத்த சிரை சி2, வீக்கம் சி3, தோல் மாற்றம் சி4, ஆறாத புண் சி6. என் அனுபவத்தில் நம்மூர் நோயாளி முதன்முதலாக வருவதே பெரும்பாலும் சி4இல்தான். உள்கணுக்காலுக்குச் சற்று மேலே தோல் காபிப்பொடி நிறத்தில் கறுத்திருக்கும். தொட்டால் மரக்கட்டை. அரிப்பு தாங்காமல் சொறிந்த நகத்தடங்கள் வேறு. ‘தோல் வியாதி’ என்று களிம்பு தடவியே சில வருடங்கள் போயிருக்கும்.

அந்தக் கறுப்பு இரும்பு. நுண்குழாய்ப் படலம் கசிந்து சிவப்பணுக்கள் வெளியேறிச் சிதைய, அவற்றின் இரும்பு தோலில் தங்குகிறது. இரும்பு தேங்கிய இடத்தில் அழற்சி மேலும் மூளும். புண் எப்படி வருகிறது என்பதில் 1980களில் பெரிய வாக்குவாதம் நடந்தது. நுண்குழாயைச் சுற்றி ஃபைப்ரின் உறை படிந்து ஆக்சிஜனைத் தடுக்கிறது என்று 1982இல் பிரவுஸும் பர்னாண்டும் சொன்னார்கள். இல்லை, சிக்கிய வெள்ளணுக்களே காரணம் என்று 1988இல் கோல்ரிட்ஜ் ஸ்மித் குழுவினர் மறுத்தார்கள். இரண்டாவது கட்சியே காலத்தில் நின்றது என்பது என் தீர்ப்பு. ஃபைப்ரின் உறை இருப்பது உண்மை. ஆனால் அது படலம் கசிந்ததற்குச் சாட்சி, குற்றவாளி அல்ல.

6. என் கருத்துக்கு எதிரான சான்று

நோய் படலத்தில் என்றால், படலத்துக்கு மருந்து கொடுத்தால் குணமாக வேண்டுமே என்று ஒரு மாணவி கேட்டார். நியாயமான கேள்வி. டயோஸ்மின் கலந்த ஃபிளேவனாய்டு மாத்திரைகள், சுலோடெக்சைடு, பென்டாக்ஸிஃபிலின் ஆகியவை ஓரளவு உதவுகின்றன. வலி, வீக்கம், புண் ஆறும் வேகம் இவற்றில் பயன் தெரிகிறது. புடைத்த சிரையைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் மாத்திரை எதுவும் இல்லை. அப்படி விளம்பரம் வந்தால் நம்பாதீர்கள்.

இன்னும் வலுவான எதிர்ச்சான்று, 2018இல் வெளியான ஈவ்ரா ஆய்வு. இங்கிலாந்தில் சிரைப் புண் உள்ள 450 பேரில் ஒரு பாதிக்கு அழுத்தக் கட்டுடன் உடனடியாகப் பழுதுற்ற சிரையை மூடும் சிகிச்சையும், மறு பாதிக்கு முதலில் கட்டு மட்டும், சிரை சிகிச்சை பின்னரும் தந்தார்கள். முதல் பிரிவில் புண் ஆற ஆன இடைநிலைக் காலம் 56 நாள், இரண்டாவதில் 82 நாள். பழுதான குழாயை மூடினால் புண் ஆறுகிறதென்றால், குழாய்க் கட்சிதானே வென்றது?

நான் அப்படிப் படிக்கவில்லை. மூடப்பட்டது தொடையிலோ காலிலோ உள்ள ஒரு சிரை. ஆறியது கணுக்காலின் தோல். இரண்டுக்கும் நடுவில் இருப்பவை நுண்குழாய்கள், அவற்றின் படலம். அழுத்தம் இறங்கியதும் அந்தப் படலம் அடங்கியது. அழுத்தக் கட்டும் இதையேதான் செய்கிறது. சில வாரம் கட்டுப்போட்ட பின் புண்ணின் திசுவில் அழற்சிப் புரதங்களும் எம்.எம்.பி. நொதிகளும் குறைவதை அளந்திருக்கிறார்கள். ஆக, படலத்துக்கு நம்மிடம் உள்ள சிறந்த மருந்து இன்றைக்கும் ஓட்டமும் அழுத்தக் குறைவும்தான். என் கருத்தின் நடைமுறைப் பொருள் ஒன்றே: தோல் கறுக்கும்வரை காத்திருந்தால் படலம் பல ஆண்டுகள் அழற்சியில் கிடந்துவிடும். மருத்துவத்தை முன்னே நகர்த்த வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. காலில் தமனி அடைப்பு உள்ளவருக்கு இறுக்கமான கட்டு ஆபத்து. சர்க்கரை நோயாளிகள் மிகுந்த நம் ஊரில், பாதத்து நாடியையும் கணுக்கால் ரத்த அழுத்தத்தையும் பாராமல் யாருக்கும் கட்டுப்போடாதீர்கள்.

7. நிற்கும் தொழில்கள்

1972இல் மல்ஹோத்ரா என்ற ரயில்வே மருத்துவர் இந்திய ரயில்வே தொழிலாளர்களிடம் செய்த ஆய்வு வெளியானது. சிரைப் புடைப்பு வடக்கே சுமார் 7 சதவீதம், தெற்கே சுமார் 25 சதவீதம். உணவுப் பழக்கத்தைக் காரணமாகச் சுட்டினார். காரணம் அதுதானா என்பதில் எனக்கு ஐயமுண்டு. ஆனால் தெற்கே நாம் இந்நோயை அலட்சியப்படுத்த முடியாது என்பதற்கு அந்த எண்களே போதும்.

2021இல் தமிழ்நாடு சட்டமன்றம் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, பணியாளர்கள் உட்கார இருக்கை தரவேண்டும் என்றது. கேரளம் அதற்கு முன்பே செய்திருந்தது. ஜவுளிக்கடை மாடிகளில் நாள் முழுதும் நின்ற பெண்களின் கால்களைப் பார்த்தவன் என்ற முறையில் அந்தச் சட்டத்தை வரவேற்கிறேன். அதோடு மருத்துவனாக ஒன்று சேர்க்கவேண்டும். காலைத் தொங்கவிட்டு மணிக்கணக்கில் உட்கார்ந்தாலும் கெண்டைக்கால் சதை வேலை செய்யாது; லண்டன் ஆய்வில் வெள்ளணுக்கள் சிக்கியது உட்கார்ந்திருந்த கால்களில்தான். இருக்கையும் வேண்டும், நடக்க இடைவேளையும் வேண்டும்.

கடை உரிமையாளர்களுக்கு: சட்டம் சொன்ன நாற்காலியைப் போடுங்கள், மணிக்கொருமுறை பணியாளர்களை ஐந்து நிமிடம் நடக்கவிடுங்கள். குடும்ப மருத்துவர்களுக்கு: கணுக்காலில் கறுப்பைக் கண்டால் களிம்பு எழுதுமுன் நோயாளியை நிற்கவைத்துக் காலைப் பாருங்கள், டாப்ளருக்கு அனுப்புங்கள். மாணவர்களுக்கு: எடுத்த சிரையைத் தொட்டியில் போடுமுன் ஒருமுறை நீளவாக்கில் விரித்துப் பாருங்கள்.